உர ஸ்டோரில் ஒரு துரை

எங்கள் தோட்டத்தில் ஏரோப்பிளேன் இறங்கப் போகிறது என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சொன்னபோது சிரித்தவள் நான் ஒருத்திதான். இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒன்றின் கூரையும் அடுத்ததன் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கிற சரிவுத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. ஓர் ஆடு நான்கு காலையும் சமமாக ஊன்றி மேய வேண்டுமானால் இடம் தேட வேண்டும். அங்கே ஏரோப்பிளேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் விடிகாலைக் குளிரில், கம்பளிக்குள் கை கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிற கூட்டத்தில் ஒருத்தி மட்டும் சிரித்தால் நன்றாகக் கேட்கும். சொல்லிக்கொண்டிருந்த கண்டாக்கையா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி மலை வேலைகளைப் பார்க்கிறவர் அவர்தான். துரையின் ஆங்கிலத்தை எங்களுக்குத் தமிழில் சொல்வதும் அவர்தான்.

“என்னா சிரிப்பு? வேலையே ஒன் மடுவத்துலதான் ஆரம்பிக்கப் போவுது. நல்லாச் சிரிச்சுக்க” என்றார்.

என் சிரிப்பு அதோடு நின்றது.

அவர் சொன்னது பிள்ளை மடுவத்தை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளைக் காலையில் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து என் கால் முறிந்ததிலிருந்து நான்தான் அங்கே ஆயா. இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் ஒன்று என்னுடையது, பத்து மாதம். பால் கரைப்பது, ஏணை ஆட்டுவது, மூக்கு துடைப்பது, கடித்தவனுக்கும் கடிபட்டவனுக்கும் பஞ்சாயத்துச் செய்வது எல்லாம் என் வேலை. சுண்ணாம்பு அடித்த சுவர், ஒழுகாத தகரக் கூரை, நடுவில் ஓர் அடுப்பு. நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராக்கள் எதுவும் அந்த அளவுக்கு இல்லை. மடுவம் நின்ற இடம் விளையாட்டு மைதானத்தின் ஓரம். மைதானம்தான் தோட்டத்திலேயே மட்டமான ஒரே நிலம். ஏரோப்பிளேனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் மூலம் எங்கள் துரை. தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த வெள்ளைக்காரர். உலகச் சண்டைக் காலத்தில் கீழ்நாட்டில் ஒரு விமானத் தளத்தில் இருந்தார் என்றார்கள். ஏரோப்பிளேன் ஓட்டியவர் போலிருக்கிறது என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர் ஏரோப்பிளேன் நிற்கிற தரையைக் காவல் காத்த பட்டாளத்தில் இருந்தவர். எதிரி வந்து ஓடுபாதையைப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலையாம். எதிரி கடைசி வரை வரவே இல்லையாம். பறந்தவர்களுக்கு மெடல் கிடைத்தது, எனக்கு மலேரியாதான் கிடைத்தது என்று ஒருநாள் கண்டாக்கையாவிடம் மனசு விட்டுச் சொல்லியிருக்கிறார். அந்தக் குறையை இங்கே வந்து எங்கள் தலையில் இறக்கினார்.

தோட்டத்தின் சொந்தக்காரக் கம்பெனிக்குத் தலைவரான லண்டன் துரை அந்த மே மாதத்தில் பார்வையிட வரப் போகிறார் என்று கடிதம் வந்தது. எங்கள் துரைக்குத் தெரிந்த ஒருவரிடம் கொழும்பில் இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன ஏரோப்பிளேன் இருந்தது. நேராக எங்கள் மைதானத்திலேயே வந்து இறங்குங்கள் என்று இவர் எழுதிவிட்டார். ஏரோப்பிளேன் இறங்கத் தரை வேண்டும், தரை இருந்தால் அதைக் காக்கப் பட்டாளம் வேண்டும். துரையின் கணக்கு இவ்வளவுதான். நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்களுக்கு ஓட்டும் இல்லை, பிரஜை என்ற பெயரும் இல்லை என்று ஆக்கியிருந்தார்கள். நாட்டுப் பட்டாளத்தில் சேர எங்களை யார் கூப்பிடப் போகிறார்கள்? எங்கள் துரை கூப்பிட்டார். அரை நாள் பேர் போட்டு, அதற்குச் சம்பளம் தருவதாகவும் சொன்னார். ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு போய் நின்றார்கள்.

விமானத் தளக் காவல் படையில் ஒவ்வொருவருக்கும் தனி வித்தை உண்டாம். துரை ஒரு தடித்த புத்தகத்தைப் பார்த்து ஆள் பொறுக்கினார். வானத்தைப் பார்த்து எதிரி விமானம் வருகிறதா என்று சொல்லும் வேலை, கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளைக்குப் போனது. தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒரு கண்ணை மூடியே வைத்திருக்கும் பழக்கம் அவருக்கு. குறி பார்க்கப் பிறந்தவன் என்று துரை அவரைத் தட்டிக்கொடுத்தார். ஆபீசில் டெலிபோன் எடுக்கும் கிளாக்கருக்கு இரண்டு கொடிகளைக் கொடுத்து, செய்தி அனுப்பும் ஆளாக மைதானத்து மூலையில் நிறுத்தினார். மருந்தையா இரண்டு பாட்டில்களோடு காயம்பட்டவர்களுக்காகக் காத்திருந்தார். ஒன்றில் காய்ச்சலுக்கு, இன்னொன்றில் வயிற்றுப்போக்குக்கு. குண்டுக் காயத்துக்கு இதில் எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். “ரெண்டையும் கலந்து குடுப்பேன்” என்றார்.

பீரங்கிக்கு ஃபெக்டரியில் கிடந்த பழைய இரும்புக் குழாயை மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஏற்றிப் பச்சை வர்ணம் அடித்தார்கள். அதற்கு நான்கு பேர். ஒருவர் திருப்ப, ஒருவர் குறி பார்க்க, ஒருவர் குண்டு எடுத்துக் கொடுக்க. குண்டு கிடையாது என்பதால் நான்காவது ஆள் “டுமீல்” என்று கத்த வேண்டும். காமன் கூத்தில் வருஷாவருஷம் வேஷம் கட்டுகிற ஒருவருக்கு அந்த வேலை கிடைத்தது. அவர் டுமீல் சொன்னால் அடுத்த மலையில் பறவை கலையும். துரைக்கு அவர் மேல் தனிப் பிரியம். நாய்ப் பிரிவுக்குத் துரை பங்களாவின் நாயும் தோட்டக்காரரும். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தவை. மைதானத்தில் மேய வரும் மாடுகளை விரட்ட ஒரு பிரிவு எங்கள் தோட்டத்துக்கென்று புதிதாக உண்டாக்கப்பட்டது. வேலை செய்த பிரிவு அது ஒன்றுதான்.

என் புருஷன் காவல்காரர் ஆனார். அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தேயிலைச் செடியை மட்டம் வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தால் அவரைப் போல் வெட்ட ஆள் கிடையாது. ஆனால் துரைமாரின் தொப்பியைக் கண்டால் போதும், முதுகு தானாக வளைந்துவிடும். எங்கள் தோட்டத்து வழக்கம் அப்படி. துரை பாதையில் வந்தால் நாங்கள் பாதையில் நிற்கக் கூடாது. ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை எடுத்து, குடையை மடக்கி, சலாம் போட வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான். எல்லோரும் செய்ததுதான், நானும் செய்தேன். ஆனால் இவர் பங்களாக் கொடியில் காயப் போட்டிருந்த தொப்பிக்கே சலாம் போட்டவர் என்று லயத்தில் கேலி பேசுவார்கள். நான் அதை நம்பவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

மேற்குப் பக்கம் தேயிலைக்குள்ளே ஏறி வரும் குறுக்குப் பாதையின் முனையில் அவரை நிறுத்தினார்கள். கையில் மரத் துப்பாக்கி. வருகிறவரிடம் இவர் ஒரு சொல் சொல்ல வேண்டும், அவர் அதற்கு ஜோடிச் சொல் சொல்ல வேண்டும். தெரியாதவன் எதிரி. முதலில் துரை ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துப் பார்த்தார், யார் வாயிலும் நுழையவில்லை. பிறகு நுவரெலியாவிலிருந்து பங்களாவுக்கு வரும் காய்கறிப் பட்டியல் துண்டைப் பார்த்து, தினமும் இரண்டு காயாக மாற்றிக் கொடுத்தார். இவர் “கோவா” என்றால் வருகிறவர் “கிழங்கு” என்று சொல்ல வேண்டும். மறுநாள் “பீட்ரூட்”, “போஞ்சி”. இவர் மறந்துவிடக் கூடாதே என்று சாப்பிடும்போதும் முணுமுணுப்பார். எங்கள் லயத்தில் எதிரிக்குத் தெரியாத அந்தச் சொல் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இவ்வளவும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், மடுவத்தை விட்டிருந்தால். படையின் தலைமை அறைக்கு மைதானத்து ஓரக் கட்டடம்தான் தோதென்று ஒரே நாளில் ஏணைகளை அவிழ்த்தார்கள். சுவரில் வரைபடம், மேசை, நாற்காலி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு நீளப் பை கம்பத்தில் பறக்க வேண்டுமாம். அதற்குத் துணி கேட்டு, என் ஏணைத் துணிகளிலேயே நல்லதாக நான்கை எடுத்து, அதை என்னையே தைக்கவும் சொன்னார்கள். தைத்தேன். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சாபம் விட்டேன்.

பிள்ளைகளை உர ஸ்டோருக்கு மாற்றினார்கள். குறுக்குப் பாதைக்குப் பக்கத்தில் இருந்த பழைய கட்டடம். உர மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறு பக்கத்தில் சாக்குப் படங்கை விரித்து, இதுதான் மடுவம் என்றார்கள். உள்ளே போனால் கண் எரியும், மூக்கு எரியும். கூரையில் எத்தனை ஓட்டை என்று மழை வந்த அன்று தெரிந்தது. மே மாத மழை பிடித்தால் எங்கள் பக்கம் விடாது. ஒரு வாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். என் மகளுக்கு இருமினால் முகம் நீலம் பாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. நெஞ்சில் காது வைத்துக் கேட்பேன், உள்ளே கொர் கொர் என்று கேட்கும். பயமாக இருந்தது. மருந்தையா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பட்டாளத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஏரோப்பிளேனும் வேண்டாம், அரை நாள் பேரும் வேண்டாம். என் மடுவம் எனக்குத் திரும்ப வேண்டும், அந்த மழை முற்றுவதற்கு முன்னால் வேண்டும்.

கண்டாக்கையாவிடம் போனேன். “இன்னும் பத்து நாளு பொறுத்துக்க. லண்டன் தொரை வந்துட்டுப் போவட்டும்” என்றார்.

“பத்து நாளு புள்ளைங்க பொறுக்குமாங்க?”

“நீ பேசறத அப்புடியே தொரைகிட்ட சொன்னா ஒனக்கும் ஒன் புருஷனுக்கும் பற்றுச்சீட்டுதான்” என்றார். பற்றுச்சீட்டு வாங்கினால் காம்பராவைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்தை விட்டே போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். என்னால் அதிக நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

லண்டன் துரை வருவதற்கு ஐந்து நாளுக்கு முன் ஓர் ஒத்திகை நடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் துரைக்குத் துணையாக இருக்கும் சின்னத் துரை எதிரியாக வந்து, தலைமை அறையில் குண்டு வைக்கப் பார்ப்பார். பட்டாளம் தடுக்க வேண்டும். குண்டு என்பது ஒரு தோல் பைக்குள் வைத்த இரண்டு செங்கல். சின்னத் துரை குறுக்குப் பாதை வழியாக ஏறி வந்தார். என் புருஷன் தொப்பியைப் பார்த்தார். துப்பாக்கியைத் தேயிலைச் செடி மேல் சாத்தினார், கானுக்குள் இறங்கினார், தலைத்துண்டை எடுத்துச் சலாம் போட்டார். அதோடு விட்டாரா? மேட்டில் பையைத் தூக்கிக்கொண்டு துரை மூச்சு வாங்குகிறாரே என்று, “குடுங்க தொரை” என்று பையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் ஒவ்வொரு காவலாளியும் கானுக்குள் இறங்கிச் சலாம் போட்டான். நாய் சின்னத் துரையின் கையை நக்கியது. எதிரியின் குண்டைத் தானே சுமந்துகொண்டு போய்ப் படைத் தலைமை அறையின் மேசை மேல் பத்திரமாக வைத்தவர் உலகத்திலேயே என் புருஷன் ஒருவராகத்தான் இருப்பார்.

துரை குதித்த குதியில் தொப்பி கழன்று விழுந்தது. இருவர் ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கும் திட்டு விழுந்தது. கண்டாக்கையா மூச்சுப் பிடித்து மொழிபெயர்த்தார்.

“வெள்ளத்தோலப் பாத்தா சலாம் போடுறதுக்கா ஒங்கள நிறுத்தி வச்சிருக்கு? எதிரி தொரை மாதிரிதான் வருவான். தொரை மாதிரிதான் பேசுவான். நான் லண்டன் தொரைன்னு சொன்னாலும் விடாதே. நானே வந்தாலும் விடாதே. சொல்லு தெரியாட்டி புடிச்சுக் கட்டி, பூட்டி வையி. இன்னொரு தடவ சலாம் போட்டு உள்ள விட்டவனுக்குப் பற்றுச்சீட்டு!”

அன்றைக்கு என் புருஷன் சோறு சாப்பிடவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். “குண்டு ரொம்பப் பாரமா இருந்துச்சாங்க?” என்று கேட்டுவிட்டேன். பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. “எனக்குத் தெரியுது புள்ள, எதிரின்னு தெரியுது. காலு தானா எறங்கிப் போயிருது” என்றார். அந்தச் சோற்றை எடுத்து மூடி வைத்தேன். அதற்கு மேல் கேலி செய்யவில்லை.

லண்டன் துரை வரும் நாளும் வந்தது. காலையிலிருந்தே பனிமூட்டம். கம்பத்தில் பறந்த என் ஏணைத் துணியே கண்ணுக்குத் தெரியவில்லை. பத்து மணி வாக்கில் மேலே எங்கேயோ ஏரோப்பிளேன் சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்து, “சத்தம் தெரியுதுங்க!” என்று கத்தினார். உற்சாகம் தாங்காமல் பீரங்கிக்காரர் டுமீல் என்றார். வரவேற்கப்பட வேண்டியவரையே சுடுகிறாயா என்று துரை அவர் மேல் பாய்ந்தார். ஏரோப்பிளேன் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது. மூட்டம் விலகினால் திரும்பி வரும், உத்தரவில்லாமல் யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்றார் துரை. எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

பிறகு நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. ஏரோப்பிளேன் நுவரெலியாவுக்குப் போய்க் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்கியிருக்கிறது. அங்கிருந்து எங்கள் ஆபீசுக்கு டெலிபோன் மேல் டெலிபோன். எடுக்க வேண்டிய கிளாக்கர் மைதானத்து மூலையில் இரண்டு கொடிகளோடு நிற்கிறார். லண்டன் துரை காரில் புறப்பட்டு வந்திருக்கிறார். எங்கள் தோட்டத்துக்கு ஏறும் வளைவில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்திருக்கிறது. இளவட்டத்தில் அவர் இந்தப் பக்கம் சின்னத் துரையாக இருந்தவராம். குறுக்குப் பாதை எனக்குத் தெரியும் என்று காரை விட்டு இறங்கி, தேயிலைக்குள் புகுந்து ஏறத் தொடங்கிவிட்டார்.

உச்சிப் பொழுது இருக்கும். ஸ்டோருக்குள் ஒழுகாத ஒரு மூலையில் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்து, கருப்பட்டி போட்டுத் தேத்தண்ணி காய்ச்சிக்கொண்டிருந்தேன். வெளியே என் புருஷனின் குரல் கேட்டது.

“சலாங்க தொரை. கைய தூக்குங்க தொரை.”

எட்டிப் பார்த்தேன். பாதையின் நடுவில் இவர் நிற்கிறார். துப்பாக்கி முனை ஆடுகிறது. எதிரில் ஒரு வயதான வெள்ளைக்காரர். தொப்பி இல்லை, தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடக்கிறது. முழங்கால் வரை சேறு, ஒரு கால் சப்பாத்தைக் காணவில்லை.

“கேரட்” என்றார் என் புருஷன்.

வந்தவர் விழித்தார். “கேரட்?” என்றார். பிறகு துரைமாரின் தமிழில், “நான் பெரிய துரை. லண்டன் துரை. வழி விடு” என்றார்.

“அப்புடித்தாங்க சொல்லுவீங்கன்னு எங்க தொரை சொன்னாரு” என்றார் இவர். அப்போது இவருடைய ஒரு கால் தானாகக் கானுக்குள் இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கிய காலை இவர் திரும்ப மேலே எடுத்து வைத்தார். கொழுந்துச் சாக்கு கட்டும் கயிற்றை இடுப்பிலிருந்து உருவி, அந்த வெள்ளைக்காரரின் கைகளைக் கட்டினார். “வலிக்குதுங்களா தொரை? கொஞ்சம் எளக்கி வுடவா?” என்று கேட்டுக் கேட்டுக் கட்டினார். பூட்டி வைக்கப் பக்கத்தில் இருந்த ஒரே கட்டடம் என் ஸ்டோர்தான். உள்ளே தள்ளி, “சலாங்க” என்று சொல்லி, கதவைச் சாத்தி வெளியே காவலுக்கு நின்றுகொண்டார்.

ஒத்திகைக்கு வந்த இன்னொரு பொய் எதிரி என்றுதான் நானும் நினைத்தேன். லண்டன் துரை சப்பாத்தில்லாமல் வருவாரா? நடந்து வருவாரா? எனக்குத் தெரிந்து எந்தத் துரையும் வந்ததில்லை. அதனால் எனக்குப் பயம் வரவில்லை. நனைந்து நடுங்குகிறாரே என்று பாவமாக இருந்தது. கயிறு தானாகவே கழன்றுவிட்டது. காலில் ஏழெட்டு அட்டை. உப்பை வைத்துத் தேய்த்துப் பிடுங்கிப் போட்டேன், அப்படியே உர மூட்டை மேல் உட்கார வைத்துத் தகரக் குவளையில் தேத்தண்ணி கொடுத்தேன். கண் எரிச்சலில் அவருக்குத் தண்ணீர் வழிந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு சரியாக அவர் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. நகர்ந்து உட்கார்ந்தார், அங்கே இன்னொரு சொட்டு. என் மகளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அடுப்பில் பால் பொங்குகிறது, கை இரண்டுதான் இருக்கிறது. “கொஞ்சம் புடிங்க தொரை” என்று பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டேன்.

பால் சட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினால், அவர் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறார். “பிள்ளை மடுவம் எங்கே?” என்றார்.

“இதாங்க.”

“இது உரம்.”

“உரந்தாங்க. உரத்தோட புள்ளைங்களையும் போட்டு வச்சிருக்கு” என்றேன். அவ்வளவுதான், பத்து நாளாக அடக்கி வைத்திருந்தது உடைத்துக்கொண்டது. “மடுவம் அந்தா மேல இருக்கு. அங்க மேசையும் நாற்காலியும் வச்சுக்கிட்டு இருக்காங்க. யாரோ லண்டன் தொரை மானத்துலேருந்து எறங்கப் போறாராம். அவருக்குக் காலு இல்லையா? எல்லாரும் மாதிரி ரோட்டுல வந்தா என்னா? அவரு எறங்குறதுக்கு என் புள்ள மூச்சு முட்டிச் சாகணுமா? ஒங்களுக்கும் வெக்கமா இல்ல, வேஷம் போட்டுக்கிட்டு வர்றதுக்கு? போயி ஒங்க தொரைகிட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க!”

எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவர் குவளையைக் கீழே வைத்தார். எதையோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் என் மகள் அவருடைய கோட்டிலும் கால்சட்டையிலும் ஒன்றுக்குப் போனாள். பிள்ளையை இறக்கி விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இதற்குள் லண்டன் துரையின் காரோட்டி சுற்றுப் பாதையில் ஓடி வந்து, அவர் குறுக்குப் பாதையில் ஏறிய விஷயத்தை மைதானத்தில் சொல்லியிருக்கிறார். துரையும் கண்டாக்கையாவும் முன்னால், பட்டாளம் பின்னால், எல்லோரும் ஸ்டோரை நோக்கி ஓடி வந்தார்கள். கதவுக்குக் குறுக்கே என் புருஷன் துப்பாக்கியை நீட்டினார்.

“கேரட்.”

துரை ஆங்கிலத்தில் என்னவோ கத்தினார்.

“டேய், தொரைடா! கதவத் தொற!” என்றார் கண்டாக்கையா.

“தொரையே வந்தாலும் விடாதேன்னு சொன்னது நீங்கதானுங்க. கேரட்.”

துரைக்கு முகம் சிவந்தது. காலையில் அவரே கொடுத்த சொல்தான், அவருக்கே ஞாபகம் வரவில்லை. “கோவா!” என்றார்.

“அது முந்தா நாளுங்க தொரை.”

“போஞ்சி!”

“அது திங்கக்கெழமைங்க.”

மழை கொட்டுகிறது. பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன. எனக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளேயிருந்து கத்தினேன். “லீக்ஸுங்க தொரை! லீக்ஸுன்னு சொல்லிட்டு உள்ள வாங்க, புள்ளைங்க பயப்படுது!”

பிறகு துரையின் குரல், மெதுவாக, “லீக்ஸ்” என்றது. என் புருஷன் சலாம் போட்டுக் கதவைத் திறந்தார்.

துரை உள்ளே வந்தார். உர மூட்டை மேல், ஒற்றைச் சப்பாத்தோடு, மடியில் என் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அப்படியே விறைத்து நின்று ஒரு சலாம் போட்டார். பட்டாளத்துச் சலாம்தான், ஆனால் எங்கள் சலாம் போலத்தான் இருந்தது. அவர் சலாம் போட்ட பிறகுதான் மூட்டை மேல் இருப்பவர் யார் என்று எனக்கு உறைத்தது. என்னென்ன பேசினேன் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. வாசலில் என் புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

லண்டன் துரை எழுந்தார். கூரையைக் காட்டினார், மூட்டையைக் காட்டினார், ஈரமான கோட்டைக் காட்டினார். ஆங்கிலத்தில் நான்கைந்து வார்த்தைதான் பேசினார். எங்கள் துரையின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, பிள்ளையை நீட்டி, “மடுவம். இன்றைக்கே” என்றார்.

அன்று மாலைக்குள் மேசையும் நாற்காலியும் வெளியே வந்தன. பீரங்கிக்காரர் நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார்கள். மருந்தையா கடைசியில் காய்ச்சல் பாட்டிலைத் திறந்தார். காற்றுப் பையை நானே கம்பத்திலிருந்து இறக்கித் தையலைப் பிரித்து, அலசி, அடுப்போரம் காய வைத்து ஏணை கட்டினேன். என் மகள் அதில் அன்று இருமாமல் தூங்கியது கொஞ்ச நேரம்தான். ஆனாலும் தூங்கினாள். அவளுக்கு இருமல் முழுக்கப் போக ஒரு மாதம் ஆயிற்று. இதை எழுதச் சொன்னதே அவள்தான். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எழுது, நம்புவார்கள் என்றாள்.

லண்டன் துரைக்குத் தங்கமான மனசு என்று தோட்டத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்குத் தெரிந்தது, அந்த நெடியில் அவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பத்து நாளுக்கு மேல் இருந்தார்கள்.

பற்றுச்சீட்டு வரும் என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தோம். வரவில்லை. உத்தரவுப்படி நடந்த ஒரே ஆளை எப்படி வெளியே அனுப்புவது என்று துரை குழம்பியிருக்க வேண்டும். பட்டாளத்தைப் பற்றி மறுபடி யாரும் பேச்செடுக்கவில்லை. டுமீல்காரர் மட்டும் ரொம்ப நாள் வருத்தப்பட்டார்.

மூன்றாம் நாள் காலை, மடுவத்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரட்டு முடிந்து ஆண்கள் கவ்வாத்துக் கத்தியோடு மைதானத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே துரை வந்தார். வழக்கம் போல எல்லோரும் கானுக்குள் இறங்கினார்கள், தலைத்துண்டை எடுத்தார்கள். என் புருஷனும் தலைத்துண்டை எடுத்தார், சலாமும் போட்டார். ஆனால் கானுக்குள் இறங்கியது ஒரு கால்தான். இன்னொரு கால் பாதை மேலேயே இருந்தது. துரை அந்தக் காலைப் பார்த்தார், கொஞ்சம் ஒதுங்கி நடந்து போனார். நான் என் மகளைத் தூக்கி ஜன்னலில் வைத்து, ஒங்கப்பாவைப் பாரு என்று காட்டினேன்.